பெஹாலாப் பூனையின் பதவி உயர்வு

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், லேக் கார்டன்ஸ்வாசியும், வங்கியின் முன்னாள் சீஃப் மேனேஜரும், குடியிருப்பின் துர்கா பூஜைக் கமிட்டிக்கு யாரும் கேட்காமலே நிரந்தர ஆலோசகருமான ஸ்ரீமான் வெங்கடநாராயணன் அவர்கள், தமது கையடக்க வீடியோ கேம் கருவியை மாற்றிப் புதிது வாங்கத் திருவுளம் கொண்டார்.

பழையதன் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. இடது குமிழ் தேய்ந்து, நேரே போ என்றால் திரையில் ஆள் பக்கவாட்டில் நடந்து ஆற்றில் விழுந்தான். தினமும் சாயங்காலம் மகள் மேக்னாவின் முன்னால் விழுவது கௌரவமாக இல்லை.

முன்னால் என்றால் விளையாட்டுக்குள். நிஜத்தில் மேக்னா பெங்களூரில் இருந்தாள். அப்பாவின் நம்பரை பிளாக் செய்திருந்தாள். அவர் வாங்கிக்கொடுத்த வேலையை அவள் விட்டபோது, சொந்தக்காரர்களை உட்காரவைத்து அவள் குறைகளைத் தலைப்புவாரியாக விளக்கி, "எனி கொஸ்சன்ஸ்?" என்று முடித்தவர் அவர். அவளிடம் கேள்வி இல்லை. பெட்டி இருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விளையாட்டில் பள்ளி நாளிலிருந்து அவள் வைத்திருந்த பெயர் அவருக்குத் தெரியும். யாரோ விற்ற கருவியை வாங்கி, பக்கத்துப் பேட்டையின் பெயரைச் சேர்த்து 'பெஹாலாப் பூனை' என்று பெயர் சூட்டிக்கொண்டு நட்புக் கேட்டார். ஏதோ நம்மூர்ப் பொடியன் என்று சேர்த்துக்கொண்டாள். சேர்ந்து மீன் பிடித்தார்கள். அவர் ஆற்றில் விழும்போதெல்லாம், "ஏய் புச்கே, மறுபடியுமா?" என்று எழுதிக் கயிறு வீசித் தூக்கினாள். புச்கே என்றால் வங்காளத்தில் வாண்டு. காலமெல்லாம் 'சார்' பட்டத்தோடு வாழ்ந்த மனுஷர், இந்த வாண்டுப் பட்டத்துக்காகக் காப்பியை ஆறவிட்டார்.

சாந்தினி மார்க்கெட் கடைக்காரர் பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, வங்காளத்து 'அண்ணா' போட்டு உரக்கக் கேட்டார்: "தாதா, பெஹாலாப் பூனைங்கிற அக்கவுன்ட் உங்களுதா? புதுசுல மாத்தட்டுமா?"

கடை நிறையக் கூட்டம். அத்தனை பேர் முன்னால் பூனை என்று ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை.

"சேச்சே! அது யாரோடதோ. அழிச்சுடுங்கோ."

வீட்டில் போய் இன்னொரு பூனை ஆனால் போயிற்று.

வீட்டில் புதுக் கருவி பெயர் கேட்டது. படிவத்தைக் கண்டால் அவர் கை தானாக ஓடும். ஓடியது. பிறகு மகளுக்கு நட்பு அழைப்பும் போயிற்று: 'நான்தான் பழைய பூனை. புது செட்.' அதை மனைவி காமுவிடம் பெருமையாக நீட்டினார்.

காமு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"ஏன்னா, இதையா அனுப்பினேள்?"

"ஆமா. என்ன இப்போ?"

"பூனைன்னு எழுதினது சரி. மேலே 'வெங்கடநாராயணன், சீஃப் மேனேஜர், ரிட்டயர்டு'ன்னு இருக்கே."

அவர் பார்த்தார்.

"திரும்ப வாங்கிக்க முடியாதாடி?"

"என்னைக் கேட்டா? கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அதையும் போட்டிருக்கலாம்."

அதற்குள் பதில் வந்துவிட்டது. 'இத்தனை நாளும் நீங்களாப்பா?' அவர் ஒரு எழுத்தை அழுத்துவதற்குள் அதுவும் மறைந்து, 'இவருடன் இனித் தொடர்புகொள்ள இயலாது' என்று கருவி தெரிவித்தது.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்று அவர் தனியாக ஆற்றங்கரைக்குப் போனார். குமிழ் கச்சிதம், ஆள் நேராக நடந்தான். வேண்டுமென்றே அவனை ஆற்றில் தள்ளினார். தண்ணீரிலேயே நின்றான். கயிறு வரவில்லை.

புதுக் கருவியின் திரை பழையதைவிட ஒரு அங்குலம் பெரிது.