ஐந்து கிலோவும் ஒரே வாளியில்

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும். அதற்குள் குளியலறை முடிந்திருந்தால் என் வீட்டுக்காரர் வீடு திரும்புவார். முடியாவிட்டால் நாளைக்கே பராமரிப்பு விடுதியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடுவார்கள். காலை எட்டு மணிக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டைல்ஸ் இடுக்குகளில் கிரவுட் என்கிற அந்தச் சாம்பல் நிறப் பசையை அடைக்க நான் உட்கார்ந்தது அதற்காகத்தான்.

அதுவரை அதை நான் தொட்டதுகூட இல்லை. நான் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரி. முந்நூறு பேருக்கு ஒற்றை ஆளாய் ஆக்கிப் போடுவேன். டைல்ஸ் அவருடைய தொழில். இருபத்தாறு வருஷமாக ஊரார் குளியலறைகளையெல்லாம் பளபளவென்று பதித்துக் கொடுத்தவர், சொந்த வீட்டை மட்டும் “எங்க ஓடிப் போகுது” என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒருவழியாகப் பழையதை இடித்து, சுவருக்கும் தரைக்கும் புது டைல்ஸ் பதித்து முடித்தார். மறுநாள் கிரவுட் போட வேண்டியதுதான் பாக்கி. அந்தக் காலையில், குளியலறை வாசலிலேயே சரிந்து விழுந்தார்.

பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: “சரி.”

யாருக்கு? இவருக்கு! கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயில் நான் அதிகம் கேட்டது “தப்பு” என்கிற வார்த்தையைத்தான். உப்பு போட்டது தப்பு. துண்டு பிழிந்தது தப்பு. தாழ்ப்பாள் போட்ட சத்தம்கூடத் தப்பு. கூட வேலை பார்ப்பவர்களிடமும் அதே பாட்டு: “தப்பு. பேத்துப் போடு.” ஒருநாள் பொறுக்க முடியாமல், அந்த ஒரு வார்த்தையை யாராவது உங்கள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனால் கோயிலுக்கு விளக்குப் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். என் நாக்கு கருநாக்கு. நாற்பது நாளாக அதை நினைத்து நினைத்து நெஞ்சு எரிகிறது.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப் போயிற்று. எவ்வளவு தங்கமான மனுஷன், எதற்குமே முகம் சுளிக்க மாட்டேன் என்கிறாரே என்றார்கள். கஞ்சி ஆறிப் போயிருக்கிறதா? சரி. ஊசி போடலாமா? சரி. அந்தத் தங்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு என் பழைய பித்தளைதான் வேண்டும்.

என் கொழுந்தன் கெட்டவர் இல்லை. ஆனால் அவர்தான் காரியத்தைக் கெடுத்தார். அவருக்குப் பயிற்சி கொடுக்கிற தெரபி மேடம், அடுத்து அவரை எங்கே அனுப்புவது என்று எழுத நோட்டும் கையுமாக நிற்கும்போது, “அண்ணா, அண்ணி ஒத்தையா என்ன பண்ணுவாங்க, பாவம். விடுதியில இருந்துக்கிறீங்களா?” என்று கேட்டார். இவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், “சரி” என்றார். தலையையும் ஆட்டினார். மேடம் எழுதிக்கொண்டார்.

நான் கத்தினேன். நீங்கள் விமானம் ஓட்டுகிறீர்களா என்று கேட்டாலும் இவர் சரி என்றுதான் சொல்வார் என்றேன். மேடம் கோபப்படவில்லை. நீங்கள் சொல்வதுபோலவும் இருக்கலாம், நிஜமாகவே சம்மதமாகவும் இருக்கலாம், மனசுக்குள் புகுந்தா பார்க்க முடியும், அவர் சொன்னதைத்தான் நான் எழுத முடியும் என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். திங்கட்கிழமை நாலு மணிக்கு அவரையே வண்டியில் வீட்டுக்கு அழைத்து வருவதாகவும், அவர் குளிக்கத் தோதாக ஒரு குளியலறை இருந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம் என்றும் சொன்னார். வீட்டில் இருப்பதே அந்த ஒன்றுதான். நாற்பது நாளாக நான் கேன்டீனில்தான் குளிக்கிறேன்.

டைல்ஸ் போடுகிற ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை. அவரோடு வேலை செய்தவர்களில் அவரிடம் “தப்பு” வாங்காதவர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் அன்றைக்கென்று ஒரு வேலை இருந்தது. ஒரே ஒருவர், அவருடைய பழைய கூட்டாளி, வெளியூரிலிருந்து போனில் சொல்லித் தந்தார். முதலில் இடுக்கில் இருக்கிற கூட்டல் குறி போன்ற பிளாஸ்டிக் துண்டுகளைப் பிடுங்க வேண்டும். கிரவுட் மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ரப்பர் தட்டால் சாய்வாக இழுத்து அடைக்க வேண்டும். கொஞ்ச நேரம் விட்டு ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் அவசரத்தில் போதும் போதும் என்று வைத்துவிட்டேன்.

பிளாஸ்டிக் துண்டுகளைப் பிடுங்கவே பத்து மணி ஆயிற்று. அவர் கையால் வைத்தவை. ஒன்றுகூட இம்மி பிசகவில்லை. மூலையில் அவர் வாங்கி வைத்த ஐந்து கிலோ கிரவுட் மூட்டை இருந்தது. அதைப் பிரித்து, முழுவதையும் ஒரே வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டு, கேன்டீனிலிருந்து கொண்டு வந்த பெரிய துடுப்பால் கிண்டினேன். முந்நூறு பேருக்கு ஆக்குகிறவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க எங்கே தெரியும்? கட்டியில்லாமல் வழவழவென்று வந்ததைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் சுவர் அழகாக வந்தது. இரண்டாவது சுவர் பாதியில் வாளிக்குள் துடுப்பு நகரவில்லை. சமையலறையில் எது இறுகினாலும் நான் செய்வது ஒன்றுதான். ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி இளக்கினேன். இளகியது. மறுபடி இறுகியது. மறுபடி ஊற்றினேன். தரைக்கு வரும்போது நாலாவது சொம்பு. இளக்க இளக்க நல்லதுதானே என்று நினைத்தேன், மடச்சி.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத் துடைக்கலாம் என்று திரும்பினால், முதல் சுவரில் டைல்ஸ் முகமெல்லாம் பசை காய்ந்து படை படையாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கத்தியால் சுரண்டினேன். அசையவில்லை. தரையில் கதை நேர்மாறு. காயவே இல்லை. பஞ்சை வைத்து இழுத்தால் இடுக்கிலிருந்தே கரைந்து வந்தது. மூன்று மணிக்குமேல் மேலாக வெளுத்துக் காய்ந்தது. அப்பாடா என்று விரலால் தொட்டேன். மணலாக உதிர்ந்தது.

கூட்டாளிக்குப் போன் போட்டேன். எவ்வளவு கலந்தீங்க என்றார். முழுசும் என்றேன். அரை அரைக் கிலோவாகக் கலக்க வேண்டும், இறுகினதில் தண்ணீர் ஊற்றவே கூடாது, அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் வைத்துவிட்டீர்கள் என்றார். இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும், இரண்டு நாளாகும் என்றார்.

எனக்கு இருந்தது இருபது நிமிஷம். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவரைத் திட்டினேன். விழுந்ததுதான் விழுந்தீர்கள், இந்தக் கிரவுட்டைப் போட்டுவிட்டு விழுந்திருக்கக் கூடாதா என்று காலியான வாளியிடம் கேட்டேன்.

சொன்ன நேரத்துக்கு வண்டி வந்துவிட்டது. கொழுந்தன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, மேடம் பின்னால் வந்தார். நான் மறைக்கவில்லை. எதை மறைப்பது? குளியலறைக் கதவை நானே திறந்து, ஐந்து கிலோவையும் ஒரேயடியாகக் கலந்ததையும் கூட்டாளி சொன்னதையும் சொல்லிவிட்டேன். மேடம் குனிந்து பேனா முனையால் தரை இடுக்கைத் தொட்டார். பொலபொலவென்று கொட்டியது. தண்ணீர் கீழே இறங்கும், டைல்ஸ் பெயரும், இதில் இவரை எப்படிக் குளிக்க வைப்பீர்கள் என்று வருத்தமாகத்தான் கேட்டார். கொழுந்தன், “விடுங்க அண்ணி, உங்களால ஆனதப் பண்ணிட்டீங்க” என்றார். அந்தப் பரிதாபம்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். கையெல்லாம் பசை காய்ந்து வெடித்திருந்தது. “பாத்தீங்கல்ல? உங்க பொண்டாட்டி போட்ட கிரவுட்டு. நல்லாருக்கா? இதுக்கும் சரின்னு சொல்லிடுங்க, எல்லாரும் நிம்மதியா போகலாம்” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக. பிறகு தரையை. வேலை முடிந்த எந்த வீட்டிலும் அவர் அப்படித்தான் பார்ப்பார். புருவம் நெரிந்தது. கோணிய வாய் இழுத்து இழுத்து எதையோ தேடியது. இடது கை நாற்காலியின் பிடியை ஓங்கித் தட்டியது.

“த... தப்பு.”

கொழுந்தன் நாற்காலியை விட்டுவிட்டார். மேடம் சட்டென்று அவர் முன்னால் மண்டியிட்டு, “நீங்க சமையல்காரரா?” என்று கேட்டார்.

“தப்பு.”

“டைல்ஸ் போடுறவரா?”

“சரி.”

மேடம் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். “இனிமே அந்த விடுதியிலதான் இருக்கப் போறீங்களா?”

அவர் கண் தரையிலிருந்து என் கைக்கு வந்தது. அங்கேயே நின்றது. என்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைத்து மறுபடி சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் அவர் சொன்ன “சரி” அதனால்தானோ என்று அப்போதுதான் உறைத்தது.

“வேணும்னா இன்னும் நூறு வாளி கலக்குறேன்,” என்றேன். “நீங்க இங்க உக்காந்து திட்டணும். அவ்வளவுதான்.”

“தப்பு,” என்றார் அவர், மேடத்தைப் பார்த்து. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. “தப்பு, தப்பு.”

மேடம் நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு ஏதோ எழுதினார். பத்து நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்க ஏற்பாடு செய்வதாகவும், அதற்குள் குளியலறை முடிந்தாக வேண்டும் என்றும், இந்தத் தடவை அரை அரைக் கிலோவாகக் கலக்கும்படியும் சொன்னார். கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டி கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது அண்ணி என்றார்.

நான் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலோரம் உட்கார்ந்தேன். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துவிட்டார்கள். முதல் இடுக்கில் கத்தியை வைத்துச் சுரண்டினேன்.

“தப்பு,” என்றார்.

கத்தியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.