முன்வரிசைக்கு ஆன செலவு

மூவாயிரத்து எழுநூற்று நாற்பது. என் மகளின் வகுப்பு டீச்சர் எனக்குத் தர வேண்டிய பாக்கி அது. அவர் வீட்டில் இரண்டு அறைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். முதல் கோட் காய்வதற்குள் "கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார். மாற்றினேன். வேலை முடிந்து கை கழுவிக்கொண்டு நின்றபோது, "உங்க பொண்ணு என் கிளாஸ்தானே, நான் எங்க ஓடிப் போகப்போறேன்" என்றார். ஓடித்தான் போகவில்லை. தரவும் இல்லை.

மகளுக்கு ஐந்து வயது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பள்ளி வாசலில் வைத்து மெதுவாகக் கேட்டேன். மறுநாள் மகளைக் கடைசி வரிசைக்கு, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்கதான் பெயிண்டரே காத்து நல்லா வரும்" என்றார். இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. மகள் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். மறுபடி போனில் கேட்டேன். மறுபடி செருப்பு ஸ்டாண்ட்.

அன்று சாயங்காலம் பையை இறக்கி வைத்த கையோடு மகள் கேட்டாள்.

"அப்பா, மிஸ்ஸுகிட்ட காசு கேட்டீங்களா?"

"ஏன்டா?"

"கேக்காதீங்கப்பா. கேட்டா என்னைப் பின்னாடி உக்கார வச்சிடுறாங்க."

பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. டீச்சர் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார். என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "விட்டுத் தொலைங்க. அந்தப் பொம்பளைக்கு மொய் வச்சதா நெனச்சுக்கங்க."

விட்டேன். மூன்று மாதம் கேட்கவில்லை. மகள் முன்வரிசை, அப்புறம் வகுப்புக்கே லீடர். சட்டையில் சிவப்பு பேட்ஜ் குத்தினார்கள். லீடருக்கு வேலை என்னவென்றால், விளையாட்டு நேரத்தில் வட்டத்தில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சொல்வது. பழைய மகளாக இருந்தால் தெரு நாய்க்கும் வட்டத்தில் இடம் கொடுப்பாள். இப்போது வீட்டுக்கு வந்ததும் தலையணைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒன்றை மட்டும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டாள்.

"அது யாருடா?"

"மூக்கொழுகி. அவன் சேட்டைப்பா."

"பேரு யாரு வச்சா?"

"மிஸ்ஸுதான்."

போன வாரம் பெற்றோர் கூட்டம். முட்டி மோவாயில் இடிக்கிற குட்டி நாற்காலிகளில் எங்களை உட்கார வைத்தார்கள். டீச்சர் நின்றுகொண்டு பேசினார். பேச்சு என்றால் தேன்.

"இந்த வயசுல பாடம் முக்கியம் இல்லைங்க. ஒருத்தரோட ஒருத்தர் பழகக் கத்துக்கணும். விட்டுக்குடுக்கணும், பகிர்ந்துக்கணும். அத வீட்ல நீங்க கத்துக்குடுக்க முடியாது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம். இப்ப பாருங்களேன்."

கையைத் தட்டினார். என் மகள் எழுந்தாள். ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டாள். தொட்டதெல்லாம் எழுந்து கைகோத்து வட்டம் கட்டின. ஒரு பையன் முன்னால் வந்ததும் அவனைத் தாண்டிப் போனாள். அந்தப் பையன் தானாக எழுந்து, மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சுவரோரம் போய் நின்றான். எங்கே நிற்பது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பெற்றோர் கை தட்டினார்கள். அவனுடைய அம்மாவும் தட்டினாள், பிள்ளை சொன்ன பேச்சு கேட்கிறானே என்று. நானும் தட்டக் கையைத் தூக்கிவிட்டேன். பாதியிலேயே இறக்கிக்கொண்டேன். மூவாயிரத்து எழுநூற்று நாற்பது கொடுத்து என் பிள்ளைக்கு நான் வாங்கித் தந்த வேலை இது.

எழுந்து நின்றேன்.

"டீச்சர், வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்ச பாக்கி இன்னும் வரலை."

"அதையெல்லாம் இங்கயா பேசுறது? பிள்ளைங்க முன்னாடி?"

"பிள்ளைங்களும் பழகட்டும் டீச்சர். வேலை வாங்கினா கூலி குடுக்கணும்னு."

பின்னாலிருந்து யாரோ ஒரு அப்பா, "வட்டியோட குடுத்துடுங்க டீச்சர்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

டீச்சரின் முகத்தில் தேன் அப்படியே இருந்தது. பணப்பையை எடுக்கவில்லை. முதலில் வட்டத்துக்குப் போனார். குனிந்து, மகளின் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றி, பக்கத்தில் நின்ற குண்டுப் பையனுக்குக் குத்தினார்.

"எல்லாருக்கும் வாய்ப்பு குடுக்கணும் இல்லையா செல்லம்?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மகளைப் பிடித்திருந்த கைகள் விட்டுவிட்டன. யாரும் சொல்லித்தான் செய்யவேண்டும் என்றில்லை. அந்த அம்மாளின் பாடம் அவ்வளவு சுத்தம். மகள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, முறைத்தாள். பிறகு தானாகவே நடந்து சுவரோரம் போய் நின்றாள். மூக்கொழுகிகூட அவளிடமிருந்து அரை அடி தள்ளி நின்றுகொண்டான்.

அதற்கப்புறம்தான் டீச்சர் பையைத் திறந்தார். எண்ணி, மடித்து, விரல் படாமல் நீட்டினார்.

"இவ்ளோதானே? இதுக்குப் போய்."

"இதுக்குத்தான் டீச்சர் இத்தனை மாசம்" என்று வாங்கிக்கொண்டேன்.

நாற்காலிக்குத் திரும்பவில்லை. சுவரோரம் போய், அந்த அரை அடி இடைவெளியில், இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தேன். எல்லாரும் பார்க்க, எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக எண்ணினேன். பையன் எட்டிப் பார்த்தான். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பணம் சரியாக இருந்தது.