படத்தில் இருக்கும் கம்பி

விடிந்தும் விடியாத ஐந்தரை மணிக்கே தகடு வெட்டும் பிரஸ் இறங்க ஆரம்பித்துவிடும். தகட்டை வை, பட்டனை அழுத்து, டங். எடு, வை, அழுத்து, டங். மணிக்கு அறுநூறு தகடு. எண்ணெய் நாற்றம் தலைமுடியில் குடியேறிவிட்டது. எத்தனை ஷாம்பு போட்டாலும் காலி செய்ய மாட்டேன் என்கிறது.

நாங்கள் பயிற்சி மாணவர்கள், பன்னிரண்டு பேர். ஆறு மாதம் இங்கே வேலை பழகினால் கம்பெனி சான்றிதழ் தரும். அது இருந்தால்தான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. இன்னும் பதினொரு நாள்தான் பாக்கி. வேலை பழக எனக்குக் கொள்ளை ஆசை. பிரஸ்ஸுக்கு டை என்கிற அச்சை மாட்டுவது, அளவு பார்ப்பது என்று படித்ததையெல்லாம் கையால் செய்து பார்க்கத்தான் வந்தேன். இவர்கள் கற்றுக்கொடுத்தது தகடு வைக்க மட்டும்தான்.

அன்று காலை டங் சத்தத்தோடு ஓர் அலறலும் கேட்டது. பக்கத்து பிரஸ்ஸில் எங்களில் ஒருத்தியான சோடாபுட்டி. தடிக் கண்ணாடிக்காக நாங்கள் வைத்த பெயர். இடது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. மெஷின்களைப் பூட்டிப் பழுதுபார்க்கும் பிட்டர் அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வண்டியில் ஏற்றிவிட்டு வந்தார்.

பத்து மணிக்கு முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"பாவம்தான் பொண்ணு. ஆனா ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அழுத்தினாதான் பிரஸ் இறங்கும்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கோம். அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா விரல் எப்படி சார் உள்ள போச்சு?" என்றேன்.

"சீக்கிரம் முடிக்கணும்னு அவளே ஒரு பட்டனை ஏதாவது வச்சுக் கட்டியிருப்பா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி! பையிலிருந்து பயிற்சி நோட்டை எடுத்தேன்.

வந்த இரண்டாம் நாள் இதே பிரஸ்ஸைப் படம் வரையச் சொன்னார்கள். அதற்கு முன் நான் பிரஸ்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை. இடது பட்டனை அழுத்தியபடி ஒரு கம்பி கட்டியிருந்தது. அதுவும் மெஷினோடு வந்த பாகம் என்று நினைத்து, அளவெடுத்து வரைந்து, அம்புக்குறி போட்டு 'கம்பி' என்றும் எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் பார்க்காமலே 'நன்று' போட்டுக் கையெழுத்தும் போட்டார். சோடாபுட்டி கண்ணாடி கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தாள். "மக்கு, ஒரு கை மிச்சமானா தகடு சீக்கிரம் ஓடும்னு கட்டி வச்சிருக்காங்கடி!"

முதலாளி படத்தைப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார். பிரஸ்ஸில் இருந்த கம்பியை அவர் காலையில் விபத்து நடந்ததுமே வெட்டி எடுத்துவிட்டிருந்தார்.

"அந்தப் பக்கத்தைக் கிழி. இல்லேன்னா சான்றிதழ் கிடையாது. பதினொரு நாளுக்காக வாழ்க்கையைக் கெடுத்துக்காதே," என்றார் முதலாளி.

அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்ட அம்மா சுவரில் இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறாள்.

"கிழிக்க மாட்டேன் சார். ஆறு மாசத்துல நான் உருப்படியா கத்துக்கிட்டது இந்த ஒரு பக்கம்தான். வேலை பழக வந்தோம், பழக்குங்க. அவ வைத்தியத்தைப் பாருங்க. எல்லா பிரஸ்ஸிலயும் ரெண்டு பட்டனும் வேலை செய்யுற வரைக்கும் தகட்டைத் தொட மாட்டேன்."

பின்னால் யாரோ தரையில் உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். பத்துப் பேரும் உட்கார்ந்து, நோட்டில் 'இன்று கற்றது' என்ற கட்டத்தில் பிரஸ்ஸை வரைந்துகொண்டிருந்தார்கள். கம்பியோடு.

"எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்!"

"படத்தை முடிச்சுக்கிறோம் சார், அப்புறம் அனுப்புங்க," என்றது ஒரு குரல்.

பிட்டர் அண்ணன் கையைத் துணியில் துடைத்தபடி என்னிடம் வந்தார். பதினெட்டு வருடமாக இங்கே நிரந்தர வேலை. "எனக்கு நோட்டு கிடையாது. ஒரு தாள் கிழிச்சுக் குடும்மா."

"உங்களுக்கு எதுக்குண்ணே?"

"அந்தக் கம்பியைக் கட்டினதே நான்தான். இவர் சொல்லித்தான் கட்டினேன்." முதலாளியை நேராகப் பார்த்துச் சொன்னார்.

கடைசிப் பக்கத்தைக் கிழித்து நீட்டினேன். அவருக்குப் படம் வரவில்லை, பிரஸ் கோணலாக வந்தது. கம்பியை மட்டும், தாள் கிழிந்துவிடும் போல, அழுத்தி அழுத்தி வரைந்தார்.