அளவுக்குக் கொடுத்த கால்

கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஒரு கால் கதை தருகிறேன். முடிவு மட்டும் இன்னும் என் கைக்கு வந்து சேரவில்லை.

1

எங்கே பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கட்டைவிரல் வலிக்காகத் தேனியில் ஒரு பாத சிகிச்சைக்காரரிடம் போயிருந்தேன். ஒரு பெட்டி நிறைய ஃபோம் வைத்து, அதில் மிதிக்கச் சொன்னார்கள். மிதித்து எடுத்தால், என் பாதம் குழியாக அங்கேயே கிடக்கிறது! அந்த அச்சைப் பார்த்துச் செருப்புக்குள் வைக்கும் மெத்தை செய்வார்களாம், அவரவர் காலுக்கு மட்டும். பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "நல்ல காலு உள்ளவுக யாரையாச்சும் மிதிக்க வச்சா ஆகாதா?"

சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கேள்வி நிற்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "கம்பம் பள்ளத்தாக்கில் சூரியன் மெல்ல..." (வேண்டாம். சூரியனுக்கா கால் வலிக்கிறது?)

இரண்டாவது: "பொன்னாத்தாளுக்குக் கட்டைவிரலில் சுரீர் என்று..." (அடித்துவிட்டேன். அது என் வலி.)

மூன்றாவது: பொன்னாத்தாள், உத்தமபாளையம் பக்கத்துத் திராட்சைத் தோட்டமொன்றில் கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டும் பெண்களுக்குத் தலைவி. பந்தலுக்கடியில் பகல் முழுக்க அண்ணாந்து, கையைத் தூக்கி, நின்றபடியே வேலை. இருபது வருஷம் நின்றதில் பாதம் தட்டையாகிவிட்டது, குதிகாலில் ஆணி இறங்குகிற வலி. தோட்டக்காரர் விஜயபாண்டி சொல்லிவிட்டார்:

"கவாத்துக்கு ஒரு மாசம் கெடக்கு. நிக்க முடிஞ்சா நீ முன்னால நில்லு. இல்லையா, ஒன் கொழுந்தன் பொண்டாட்டி முத்துலட்சுமி நிக்கட்டும்."

3

உத்தமபாளையத்தில் நடந்த கால்வலி முகாமுக்குத் தோட்டத்துச் சேற்றோடு போய் நின்றாள். பாத மெத்தை செய்கிற ஜெபஷீலா, தேனியிலிருந்து வந்தவர், அச்சுப் பெட்டியைக் கையில் கொடுத்தார். "வீட்டுல காலைக் கழுவிட்டு நிதானமா மிதிச்சுக் கொண்டாங்கம்மா."

இங்கேதான் கதை கோணியது. தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுக்கிறோமே, எதைக் கொடுக்கிறோம்? கச்சிதமாக இருப்பதைத்தானே?*

"வலிக்கிற கால அச்செடுத்தா, வலிக்கிற மாதிரித்தான செய்வாக?" என்றாள் பொன்னாத்தாள். வீட்டிலிருந்தவர்கள் காலைக் கழுவிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

மாமனார் ராக்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். "என் கால வையி ஆத்தா. பதினெட்டுத் தடவ சபரிமலை ஏறின காலு."

"அது ஏறுற காலு மாமா. எனக்கு நிக்கிற காலு வேணும்."

"ஏறுனவன் நடுவுல நிக்காமயா ஏறுனான்?"

புருஷன் நாகராஜ் தன் காலை நீட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒங்க காலு நின்னு நான் எப்பப் பாத்தேன்?"

கடைசியில் முத்துலட்சுமி. வலியே அறியாத, வில்லாக வளைந்த பாதம். மஞ்சள் பூசி, எல்லாரும் பார்க்க மிதித்தாள். ராக்கப்பன் கை தட்டினார்.

*(ஜெபஷீலா இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார். படிக்கட்டும்.)

4

அந்த அச்சுக்கு மெத்தை வந்தது. கான்வாஸ் ஷூவுக்குள் வைத்து நின்றாள் பொன்னாத்தாள். "எலுமிச்சம்பழத்த மிதிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரியில்ல இருக்கு!"

முத்துலட்சுமி போட்டுப் பார்த்தாள். "ஆத்தாடி! தலகாணி மேல நிக்கிறேன்க்கா!" கழற்றவே இல்லை. "என் காலுக்குச் செஞ்சதுதானக்கா?"

(இவளை வில்லியாக்கி அரைப் பக்கம் எழுதிக் கிழித்தேன். பொருந்தியது அவள் குற்றமா?)

பொன்னாத்தாளைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு வரி எழுதினேன்: "மறுநாள் காலையில் வலி போய்விட்டது." அவள் எழுந்து நின்று பார்த்தாள். வலித்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏக்கா, இது யாரு வலி போன வரி?"

வரியை அடித்தேன். என் கட்டைவிரல் சரியான அன்று எழுதிய வரி அது.

5

கவாத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பொன்னாத்தாளும் முத்துலட்சுமியும் தேனிக்கு பஸ் ஏறினார்கள். ஷூ முத்துலட்சுமி காலில். ஜெபஷீலா பொன்னாத்தாளின் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு தட்டையா இருக்கே... அம்மா, நீங்க குடுத்தது ஒங்க அச்சுதானா?"

"எங்க வீட்டு அச்சுதான்."

முத்துலட்சுமி ஷூவை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள். ஜெபஷீலாவுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. புதுப் பெட்டியைத் திறந்து தரையில் வைத்தார்.

"இன்னைக்கு மிதிச்சா எட்டு நாள்ல வந்துரும்."

"இந்தக் காலையா?" பித்தவெடிப்பும் கறுத்த நகமுமாக அந்தப் பாதம் அங்கே, காத்திருந்த அத்தனை பேர் முன்னால்.

"வலிக்கிற காலைத்தாம்மா தாங்கணும். நல்ல காலுக்கு எதுக்கு?"

முத்துலட்சுமி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "மிதிங்கக்கா."

(மிதித்தால் தலைவி இடம் தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.)

6

முடிவு அ: மிதிக்கிறாள், மெத்தை வருகிறது, பந்தலுக்கடியில் முன்னால் நிற்கிறாள், எல்லாரும்... (இது முகாமில் கொடுத்த நோட்டீஸில் இருக்கிறது.)

முடிவு ஆ: "நீயே நில்லு முத்துலட்சுமி" என்று திரும்பிவிடுகிறாள். பஸ்ஸில் ஒரே சீட்டு காலி. இரண்டு பேரும்... (அழுகை வருகிறது. அடித்தேன்.)

முடிவு இ எழுத எனக்கு உரிமையில்லை. நான் வைத்தால் மறுபடி என் காலைத்தான் வைப்பேன். கண்ணுகளா, நீங்கள் சொல்லுங்கள். ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். பொன்னாத்தாள் ஒரு காலைப் பெட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். நீங்கள் யோசிக்கிற நேரமெல்லாம், வலிக்கிற மற்றக் காலில் நின்றுகொண்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருப்பார்களே ஒருவர், அவருக்கு இன்றைக்கு ஒரு நாற்காலி கிடைக்கட்டும். அந்த வீடு நல்லாயிருக்கட்டும்.