திருமானூர் வழியாக ஓர் இணைப்பு

1

இந்தக் கதை ஒரு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் பிறந்தது. சொல்ல எனக்கொன்றும் வெட்கமில்லை. வி.பி.என். இணைப்பு எப்போதும் இருக்கட்டுமா, தேவைப்படும்போது தானே தொடங்கட்டுமா, நீங்களே தொடங்கி நிறுத்திக்கொள்கிறீர்களா என்று அந்தப் பக்கம் கேட்டது. எதையும் தொடாமல் எழுந்து வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

'அறிவழகன் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து…'

(அடித்துவிட்டேன். அரியலூர்ப் பக்கத்து ஆள் என்றால் சிமென்ட்தானா?)

அறிவழகன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். மனைவி வளர்மதி திருமானூரில். அவன் இருக்கும் ஊரில் வீடியோ கால் போகாது, நம்மூர்ப் படமும் ஓடாது. அதனால் போன லீவில் ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். அவன் அறையிலுள்ள ரூட்டர் முதலில் திருமானூர் வீட்டு ரூட்டரோடு இணையும். அங்கிருந்துதான், நம்மூரிலிருந்தே பார்ப்பதுபோல, இணையத்தில் மற்ற இடங்களுக்குப் போகும். வி.பி.என். என்பது இதுதான். அழைத்தாலோ படம் பார்த்தாலோ இணைப்பு தானே தொடங்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானே நின்றுவிடும்.

3

அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவன் இணைந்ததும், வளர்மதியின் போனிலுள்ள ரூட்டர் ஆப்பில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். உடனே அவள் முகம் கழுவி, பொட்டு வைத்து, போனை எதிரே வைத்துக்கொண்டு உட்காருவாள். சில நாள் அழைப்பு வரும். பல நாள் அவன் ஏதாவது காமெடி பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவான். தன் வீட்டு வழியாகவே வந்து, அவளிடம் பேசாமலே போய்விடுவான். புள்ளி அணையும்வரை அவள் சாப்பிட மாட்டாள்.

(அவளே அழைக்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். "கூப்பிட்டா எடுப்பாங்க. அவுங்களா கூப்பிடணும்னு இருக்கு" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.)

4

நேற்று அழைத்தான். இணைப்பு பிடிப்பதற்குள் இரண்டு முறை கட்டானதில் அவனுக்கு எரிச்சல்.

"எப்பவும் ஆன்லயே இருக்குற மாதிரி மாத்திடறேன் வளரு. கூப்பிட்டா ஒடனே கெடைக்கும்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அப்படி மாற்றினால் அவன் டூட்டிக்குப் போனாலும் பச்சை, தூங்கினாலும் பச்சை. அவன் எப்போது வந்தான், எப்போது போனான் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அவளிடம் மிச்சமிருந்ததே அது ஒன்றுதான். பாவமாக இருக்கிறது எனக்கு.

"வேண்டாங்க. இப்புடியே இருக்கட்டும்."

"ஏன்?"

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், நெட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பொய் சொல்கிறாள், அவனும் நம்பிவிடுகிறான். இன்னொன்றில் புள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறாள். அன்றிலிருந்து அவன் தினமும் அழைக்கிறான், அவள் பார்த்துக்கொண்டிருப்பாளே என்பதற்காக. அது அவளுக்கும் தெரிகிறது. மூன்றாவதில், 'சரிங்க, மாத்திடுங்க' என்கிறாள், அப்புறம் அவள் அந்த ஆப்பைத் திறப்பதே…

போதும். எதுவும் வேண்டாம்.

'ஏன்' என்று கேட்டுவிட்டு அவன் திரையில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் அவளுக்காகக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. அதை முடித்துவைக்க எனக்கு மனமில்லை. அவளுக்கு நீங்கள் பதில் எடுத்துக்கொடுப்பதானால் கொடுங்கள். கொஞ்சம் மெதுவாகவே கொடுங்கள்.