மிளகாயின் பெடலுக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மிளகாய் ஷெட்டை விட்டு வெளியே வந்தது. சிவப்பு நிறம், மூன்று கதவு, உருவத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய இன்ஜின். முப்பத்தைந்து வயதுக் கார் என்று அடித்துச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவன் ஒன்றரை வருஷம் அதன் அடியிலேயே குடித்தனம் நடத்தியிருந்தான். துருப்பிடித்த தரையை வெட்டியெறிந்து புதுத் தகடு பற்றவைத்தான். கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டு, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கார் அவளுடையது. டிரைவிங் ஸ்கூலில் பதினாறு வருஷம் பாடம் எடுத்தவள். இவனுக்கே கிளட்ச் பழக்கியவள். கல்யாணமாகி இத்தனை நாளாகியும், காருக்குள் ஏறிவிட்டால் இவன் வாயில் "மேடம்" என்றுதான் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்பு, கற்றுக்கொள்ள வந்த ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். வண்டி சுவரில் போய் மோதியது. அவளுடைய வலது கணுக்கால் நொறுங்கி, உள்ளே தகடு வைத்தார்கள். அன்றிலிருந்து ஸ்கூல் ஆபீசில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புகிறாள்.

"இன்னைக்கு மிளகாயை ஓட்டிப் பாக்குறேன்," என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள். "முடிஞ்சா திரும்பப் பாடம் எடுப்பேன். முடியலன்னா அந்தப் பேச்சையே விட்டுடணும், சரியா?"

சரி என்று தலையாட்டியவன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? லிஃப்ட் நகர்வதே உள்ளே நிற்பவருக்குத் தெரியக் கூடாது என்பது அவன் தொழில். லிஃப்ட் குழியின் அடியில் பெட்டி இடிக்காமல் தாங்குவதற்கு ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அதில் ஒரு துண்டு வெட்டி, ஆக்சிலரேட்டர் பெடலுக்கு நேர் கீழே, தரைவிரிப்புக்கு அடியில் செருகிவிட்டான். இனி பெடல் பாதிக்கு மேல் இறங்காது. வண்டி சாதுவாகப் போகும், அவளும் பத்திரமாக இருப்பாள். மகா புத்திசாலி! அவளிடம் மட்டும் மூச்சுவிடவில்லை.

அவள் ஓட்டினாள், அவன் பக்கத்து சீட்டில். சமதளத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கியர் விழும் அழகைப் பார்த்து அவள் இரண்டு முறை சிரித்தாள். ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏற்றத்தில்தான் வினை. மிளகாய் முக்கியது, முனகியது. ரொட்டி ஏற்றிவந்த வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. அவள் காரை ஓரம் கட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"கணுக்கால் இதுக்கு மேல இறங்க மாட்டேங்குது," என்றாள். "முழுசா மடங்காதுன்னு டாக்டர் அப்பவே சொன்னார். நான்தான் காதுல வாங்கல."

"இன்ஜின் இன்னும் செட்டாகல..."

"வண்டி மேல பழி போடாதே. நீ செஞ்ச வேலை தங்கம். என் கால்தான் போச்சு. ஓட்டத் தெரிஞ்சவங்க யாருக்காவது குடுத்துடு."

அவள் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். தங்கம் என்ற சொல்லைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"மேடம், காலைக் கொஞ்சம் எடுங்க."

குனிந்து, விரிப்பைத் தூக்கி, கறுப்பு ரப்பரை இழுத்தெடுத்தான். அவள் அதையே பார்த்தாள்.

"என்ன இது?"

"லிஃப்ட் ரப்பர். பெடல் கீழ போகாம இருக்க... நான்தான் வச்சேன்."

"எதுக்கு?"

"பயம். உன்னை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்ப, ஆறு மணி நேரம் வெளிய உக்காந்திருந்தேன். அந்த பயம் இன்னும் போகல."

இரண்டு வருஷமாகத் தன் காலை நம்பாமல் கிடந்தவளை, இன்றைக்கு இவனும் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறான்.

"இறங்கு," என்றாள்.

"நானும் வர்றேனே..."

"பயந்தவங்களைப் பக்கத்துல வச்சுப் பதினாறு வருஷம் ஓட்டியாச்சு. இப்ப வேண்டாம். இறங்கு."

ரப்பர் துண்டோடு சாலையோரம் நின்றான். மிளகாய் ஒரு கணம் உறுமியது, அப்புறம் சீறிக்கொண்டு ஏற்றத்தில் பறந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர் என்று சத்தத்தை வைத்தே எண்ணினான். வளைவுக்கு அப்பால் சத்தம் நின்றுபோனது. ஓடலாமா என்று நாலு அடி எடுத்து வைத்தபோது, சிவப்பாக ஏதோ கீழே இறங்கி வந்தது.

கண்ணாடியை இறக்கினாள். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது," என்றாள். "ஆனா தரை வரைக்கும் போகுது! முழுசா, தரை வரைக்கும்! நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன், என் நாற்காலியை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லி."

அவன் கதவைப் பிடித்தபடி தயங்கினான்.

"ஏறு. பயமா இருந்தா கத்து, பரவாயில்ல. கத்தாம எதையாவது செஞ்சு வைக்காதே."

ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். இரண்டாவது வளைவில் நிஜமாகவே கத்தினான். அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.