ஆளோடு மாட்டிய கதவு

ஈஸ்வரின் ஜீப்பு நன்றாகத்தான் ஓடியது. இடது பக்கக் கதவுதான் வண்டியை விட்டே ஓடப் பார்த்தது. கீலாணி தேய்ந்து கதவு தொங்கிவிட்டது. கயிறு கட்டித்தான் சிலமலையிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போனான். முன்சீட்டில் அந்தக் கதவோரம் பாண்டியம்மாள், அவளை நெருக்கிக்கொண்டு குருவம்மாள். ஆள் சேர்த்து வருகிறவள் பாண்டியம்மாள். அவள் ஏறுகிற வண்டியில்தான் மற்றவர்களும் ஏறுவார்கள்.

"கயித்தப் பிடிக்கிறது நான், வாடகை வாங்குறது நீயா? திங்கக்கிழமை கதவு ஒழுங்கா இல்லைன்னா நாங்க ஏறுறது விஜயபாண்டி வண்டிதான்" என்றாள் பாண்டியம்மாள்.

பட்டறைக்காரர், ஏலக்காயை மோந்து பார்க்காமலே விலை சொல்கிற வியாபாரி மாதிரி, வண்டியைப் பார்க்காமலே புதுக் கதவு போடச் சொன்னார். அதற்குக் காசில்லாமல் ஈஸ்வர் தானே வேலையில் இறங்கிவிட்டான். ஞாயிறன்று கதவுக்கடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, தேய்ந்த ஆணியைத் தட்டியெடுத்து, தடித்த ஆணி போட்டு, கீலுக்குப் பின்னால் தகரத் துண்டு செருகி முடுக்கினான். ஒரு விரலால் தள்ளினால் கதவு சேர்ந்தது.

திங்களன்று பாண்டியம்மாள் ஏறிக் கதவைச் சாத்தினாள். பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள். தோட்டத்தில் போய்த் திறந்தால் திறக்கவில்லை. சேலையைச் சுருட்டிக்கொண்டு, கியர் கம்பியைத் தாண்டி, டிரைவர் பக்கமாக இறங்கினாள். பின்சீட்டில் சிரித்த சிரிப்பு குரங்கணி வரைக்கும் கேட்டிருக்கும்.

"முந்தி வெளிய விழுந்துருவேனோன்னு பயம். இப்ப உள்ளயே கெடந்துருவேனோன்னு பயம். நாளைக்கு விஜயபாண்டி வண்டிதான், அப்பு."

எல்லாரும் இறங்கிய பிறகு ஈஸ்வர் இழுத்துப் பார்த்தான். கதவு வெண்ணெயாகத் திறந்தது. அப்போதுதான் உறைத்தது. பழைய வண்டி, ஆள் ஏறினால் பாடி வளைகிறது. காலி வண்டிக்கு அளவெடுத்து மாட்டிய கதவு, பாரம் ஏறியதும் பிடித்துக்கொள்கிறது.

சாயங்காலம் எல்லாரையும் அவரவர் இடத்தில் உட்காரவைத்துவிட்டு ஸ்பானரோடு நின்றான்.

"வண்டி எடுக்காம அங்க என்னடா சோலி?" என்றாள் பாண்டியம்மாள்.

"அசையாம இருங்க யக்கா. உங்க பாரத்தோட வச்சுத்தான் கதவு மாட்டணும்."

"நாங்க என்ன மூட்டையா?"

"மூட்டையா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பேன். அது பேசாது."

தகரத்தை உருவி, கீலை ஒரு நூல் அளவு இறக்கி முடுக்கினான். பாண்டியம்மாள் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்தாள். பிடித்திருந்தது முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

"சரி, உன் வண்டியிலயே வர்றோம். ஆனா முன்சீட்டுல இனி நான் ஒருத்திதான். குருவம்மா பின்னாடி போகட்டும்."

"ஐயோ யக்கா, அவுக எடம் மாறுனா கதவு அளவும் மாறுமே!"

"ஸ்பானரு கையிலதான இருக்கு? வெரசா மாட்டு."

குருவம்மாள் இறங்கிப் பின்னால் ஏறினாள். ஈஸ்வர் கீலைத் திரும்பவும் தளர்த்தினான்.